சட்டத்தில் ஒரு சக்கரம், பிள்ளைகள் போனில் ஒரு சக்கரம்

தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு சின்ன ஊரில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ், சார்ஜர், சில்லறை ரிப்பேர் வேலை. நாலு வருடமாக இதோடு இன்னொரு வியாபாரமும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வருவார்கள். "அண்ணாச்சி, நூறு ரூபாய்க்கு டைமண்ட் போட்டு விடுங்க" என்று விளையாட்டு ஐடியை நோட்டுத் தாளில் எழுதி நீட்டுவார்கள். டைமண்ட் என்றால் போன் விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் காசு. காசை வாங்கிக்கொண்டு என் கணக்கிலிருந்து ஏற்றிவிடுவேன். அதில் எனக்கும் சில ரூபாய் நிற்கும்.

போன காலாண்டு விடுமுறையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு நாளில் ஐந்து தடவை வந்தான். முதலில் இருநூறு, அப்புறம் ஐநூறு, கடைசியில் ஆயிரம். மொத்தம் 3,400 ரூபாய், எல்லாம் விளையாட்டுக்குள் வரும் ஒரு துப்பாக்கிக்காக. ஏதுடா இவ்வளவு பணம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கடையில் கூட்டம், கேட்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அம்மா வந்தார். பீடி சுற்றுகிறவர். மகளிர் குழுத் தவணைக்காக அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்த பணம் அது. அவர் சத்தம் போடவில்லை. "அண்ணே, அந்தத் துப்பாக்கி என்ன விலை? சொல்லியிருந்தா நானே பார்த்து வாங்கிக் குடுத்திருப்பேனே" என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்தத் துப்பாக்கிக்கு விலை என்று ஒன்று கிடையாது. யாரும் அதை விற்கவில்லை. ஒரு சக்கரத்தைச் சுற்ற வேண்டும், விழுந்தால் கிடைக்கும். பையன் 3,400 ரூபாய்க்குச் சுற்றியும் அது விழவில்லை. நிறுவனத்துக்கு எழுதினோம். பயன்படுத்திய டைமண்டுக்குப் பணம் திரும்ப வராது என்று ஆங்கிலத்தில் ஒரு தானியங்கிப் பதில் வந்தது, அவ்வளவுதான். அந்த விளையாட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. பிள்ளைகள் போனில் இருக்கும் இலவச விளையாட்டுகளில் பலவற்றில் இதே ஏற்பாடு ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது: ஸ்பின், கிரேட் என்கிற பரிசுப் பெட்டி, லக்கி டிரா. ஒரு பெயரைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

உங்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்றால், தமிழ்நாட்டின் சட்டத்தை நான் உட்கார்ந்து படித்தேன். 2022இல் சட்டமன்றம் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற இணையவழி சூதாட்டத் தடைச் சட்டம். ரம்மியில் பணத்தை விட்டு உயிரையும் விட்டவர்களின் குடும்பங்கள் அழுத கண்ணீரிலிருந்து வந்த சட்டம் அது. நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கை அதற்கு அடிப்படையாக இருந்தது. அதில் 'அதிர்ஷ்ட விளையாட்டு' எது என்று விளக்கும் இடத்தில் சீட்டு, பகடை, சக்கரம், அல்லது தற்செயலாக முடிவைத் தரும் வேறெந்தக் கருவியும் என்ற பொருளில் எழுதியிருக்கிறது. சக்கரம் என்ற சொல் அங்கேயே இருக்கிறது. பணத்துக்கு ஈடான பந்தயம் என்பதில், காசு கொடுத்து வாங்கும் மெய்நிகர் டோக்கன், மெய்நிகர் நாணயம் எல்லாம் அடங்கும் என்றும் இருக்கிறது. டைமண்ட் என்பது வேறென்ன?

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி அவற்றை மட்டும் தடையிலிருந்து விலக்கியது. அது சரியா தவறா என்பது வேறு பேச்சு. பையன் சுற்றிய சக்கரத்தில் என்ன திறமை இருக்கிறது? ரம்மியிலாவது எந்தச் சீட்டை வைப்பது, எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும். இங்கே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திய நொடியிலேயே முடிவு எங்கோ இருக்கும் கணினியில் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் திரையில் முள் மெல்ல மெல்ல நகர்ந்து, துப்பாக்கிக்கு ஒரு கட்டம் முன்னால் நிற்பதெல்லாம் படம் காட்டுவது. "மயிரிழையில போச்சு அண்ணாச்சி" என்று பையன் சொல்வது அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

நீங்கள் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளையும் படித்தேன். பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் 18 வயதுக்குக் கீழே யாருக்கும் அனுமதி இல்லை. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை மூடியிருக்க வேண்டும். ஆதார் சரிபார்ப்பு வேண்டும். ஒரு மணி நேரம் தாண்டினால் எச்சரிக்கை காட்ட வேண்டும். நிறுவனங்கள் வழக்குப் போட்டார்கள், ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் உங்கள் பக்கம் நின்றது. அன்றைக்கு எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அடுத்து ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் வந்து, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற விளையாட்டு எதுவும் கூடாது என்றது. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த நிறுவனத்தின் பெயரே போய்விட்டது.

இவ்வளவு நடந்த பிறகும் என் கடை வாசலில் ஒன்றும் மாறவில்லை. முப்பது வயது ஆள் காசு வைத்து ரம்மி ஆட முடியாது. பதின்மூன்று வயதுப் பையன் காசு போட்டுச் சக்கரம் சுற்றலாம். ஆதார் வேண்டாம், இரவு பன்னிரண்டு மணி ஆனாலும் ஓடும். ஜெயிப்பது பணம் இல்லையே, ஒரு படம்தானே, அதை விற்கக்கூட முடியாதே என்பதுதான் நிறுவனங்கள் சொல்லும் நியாயம். விற்க முடியாத பொருளுக்கு மதிப்பில்லை என்றால் அதற்கு ஏன் காசு கேட்கிறார்கள்? வகுப்பில் நாற்பது பையன்களில் பத்துப் பேரிடம் அந்தத் துப்பாக்கி இருந்தால், இல்லாதவனுக்கு அதன் மதிப்பு என்ன என்று எந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையிடமும் கேட்டுப் பாருங்கள். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் இதைத்தான் சொன்னது. பரிசைப் பணமாக்க முடியுமா என்பது கேள்வி இல்லை, ஆடுபவருக்கு அது மதிப்புள்ளதாக இருந்தால் போதும் என்றது. கால்பந்து விளையாட்டில், உள்ளே என்ன வரும் என்று தெரியாத அட்டைப் பொட்டலத்தைக் காசுக்கு விற்ற பெரிய நிறுவனம் ஒன்று அடுத்த ஆண்டு அந்த நாட்டில் விற்பனையை நிறுத்திக்கொண்டது.

எல்லா நாட்டிலும் இப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் 2022இல் மேல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தப் பொட்டலம் பெரிய திறமை விளையாட்டுக்குள் ஒரு பகுதி, தனிச் சூதாட்டம் இல்லை என்றது. பெல்ஜியத்திலும் தடைக்குப் பிறகு பல விளையாட்டுகளில் இது சத்தமில்லாமல் தொடர்ந்ததை ஆய்வு வெளிக்கொண்டு வந்தது. ஆணை போட்டால் போதாது, யாராவது உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும். ஜப்பான் 2012லேயே, சுற்றிச் சுற்றி ஒரு தொகுப்பை முழுசாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற முறையை நிறுத்திவிட்டது. சீனா 2017 மே முதல் எதற்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று வெளியிடச் சொன்னது. பிரேசில் 2025 செப்டம்பரில், பிள்ளைகள் ஆடும் விளையாட்டுகளில் இது கூடவே கூடாது என்று சட்டம் போட்டது.

தென்கொரியாவில் நடந்தது எனக்கு மறக்கவே இல்லை. அங்கே 2024 ஜனவரியில் நெக்சான் என்ற நிறுவனத்துக்கு 1,160 கோடி வொன்னுக்கு மேல் அபராதம் விதித்தார்கள். ஆடுபவர்களுக்குத் தெரியாமல் வாய்ப்பு விகிதத்தை மாற்றியிருந்தார்கள். பலரும் ஆசைப்பட்ட சில சேர்க்கைகள் வரவே வராதபடி, பூஜ்ஜியமாகவே வைத்திருந்தார்கள். காசு கொடுத்தவர்கள் வரும் வரும் என்று முயன்றுகொண்டே இருந்தார்கள். அவ்வளவு கவனமாக இருக்கிற நாட்டிலேயே இப்படி என்றால், யாரும் திறந்து பார்க்காத நம் ஊரில் சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

சதவீதம் வெளியிட்டால் மட்டும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. கடைக்கு வரும் பையன்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒரு சதவீத வாய்ப்பு என்றால் நூறு தடவை சுற்றினால் ஒன்று கட்டாயம் விழும் என்றுதான் அத்தனை பேரும் சொன்னார்கள். கணக்கு அப்படி இல்லை. நூறு பேர் ஆளுக்கு நூறு தடவை சுற்றினால், அதில் 37 பேர் அளவுக்கு ஒன்றுமே கிடைக்காமல் போவார்கள். இதைப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில்தான் சொல்லித் தருகிறோம், ஆனால் சக்கரம் ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது.

இன்னொரு வகைச் சக்கரம் உண்டு. முதல் சுற்று 9 டைமண்ட், அடுத்தது 19, அப்புறம் 39, இப்படி ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் சில நூறு. இவ்வளவு போட்டாச்சே, இப்போது விட்டால் எல்லாம் வீண் என்று தோன்றும்படி அடுக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே கடிகாரம் வேறு, இன்னும் ஆறு மணி நேரம்தான் என்று. அவசரம் இல்லாத இடத்தில் அவசரத்தைக் காட்டுவதை ஏமாற்று வடிவமைப்பு என்று 2023 நவம்பரிலேயே ஒன்றிய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. மொத்தம் 13 வகை அந்தப் பட்டியலில் உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு விளையாட்டைத் திறந்து பார்த்தாலே உங்களுக்குப் புரியும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் பெட்டிக்கடையில் பரிசு அட்டை தொங்கும். நாலணா கொடுத்துச் சீட்டுக் கிழித்தால் பலூனோ மிட்டாயோ. பெரிய பரிசாக ஒரு பிளாஸ்டிக் கார் மேலே ஒட்டியிருக்கும். அதுவும் ஒரு விதத்தில் சூதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அட்டையில் எத்தனை சீட்டு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியும், ஒரு நாள் தீர்ந்தும் போகும். மூன்றாவது தடவை கை நீட்டினால் கடைக்காரத் தாத்தா "போதும்லே, வீட்டுக்குப் போ" என்பார். அவருக்கு என் அப்பாவைத் தெரியும். போனில் இருக்கும் சக்கரத்துக்கு என் ஊர்ப் பையனைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அவன் எந்த நேரத்தில் எவ்வளவு போடுவான் என்பதுதான். இதே மாநிலம் 2003இல் லாட்டரியை நிறுத்தியது. எங்கள் தெருவிலேயே சுரண்டல் சீட்டில் அழிந்த குடும்பம் உண்டு. அதனால் உங்களால் முடியாது என்று நான் நினைக்கவில்லை.

தயவுசெய்து விளையாட்டையே தடை செய்துவிடாதீர்கள். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது பையன்கள் வேறொன்றுக்கு மாறிக்கொண்டார்கள். இந்தப் பிள்ளைகளில் சிலர் நிஜமாகவே நன்றாக ஆடுகிறார்கள். நாலு பேர் சேர்ந்து திட்டம் போட்டு, ஒருவருக்கொருவர் காவல் நின்று ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அழகாக இருக்கும். அந்தத் துப்பாக்கியின் வண்ணத்துக்கும் அவர்கள் ஆட்டத் திறமைக்கும் சம்பந்தமே இல்லை. சக்கரத்தை எடுத்துவிட்டாலும் ஆட்டம் அப்படியே இருக்கும்.

பிள்ளையைக் குற்றவாளி ஆக்கவும் வேண்டாம். சூதாடியவருக்கு மூன்று மாதம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது, அது இவர்கள் பக்கம் திரும்பவே கூடாது. வயது, நேரம், பணம் மூன்றுக்கும் வரம்பு வைக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு தற்செயலாகப் பரிசு தரும் எதுவும் கூடாது என்று ஒரு விதி போடுங்கள். சக்கரத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ரூபாயில் நேர் விலைக்கும் கிடைக்க வேண்டும். பெரியவர்கள் சுற்றினாலும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, டைமண்டில் இல்லாமல் ரூபாயில், தமிழில், இது எவ்வளவு, விழ வாய்ப்பு எவ்வளவு என்று இருக்கட்டும். மூலையில் ஒரு கேள்விக்குறிக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. பெற்றோருக்குத் தெரியாமல் போன பணத்தைக் கேட்டு எழுத, தமிழில் பதில் சொல்லும் ஒரு மனிதர் இருக்கும் இடம் வேண்டும்.

எங்களைப் போன்ற கடைக்காரர்களையும் விதிக்குள் கொண்டுவாருங்கள். டாப்-அப் போடுவதற்கு முன்னால் பெரியவர் ஒருவரிடம் கேட்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால் நான் மனப்பூர்வமாகச் செய்வேன். இப்போதே செய்கிறேன். அந்த அம்மா வந்துபோன மறுநாளிலிருந்து, வீட்டுப் பெரியவர் கூட வராமல் பிள்ளைகளுக்கு நான் டைமண்ட் ஏற்றுவதில்லை. பையன்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் கடைக்குப் போகிறார்கள். அங்கே கேட்பதில்லை. அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் வாடகை கட்ட வேண்டும். இரண்டு கடைக்கும் ஒரே விதி இருந்தால் போதும்.

உங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர் ஏதாவது ஒரு பள்ளி நாளில் மாலை நாலேகாலிலிருந்து ஐந்தரை வரை என் கடையில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலி இருக்கிறது.

இப்படிக்கு,
மொபைல் கடைக்காரர் ஒருவர்,
சங்கரன்கோவில் வட்டம்