வக்கீல் நோட்டீசும் வருகையும்: ஒரு தம்பிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பி,

ஸ்தோத்திரம். உன் மெசேஜைப் படித்தேன். கூடத் தொழில் செய்தவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார், நீ அதைப் படித்துவிட்டு பைபிளுக்குள் வைத்து மூடிவிட்டாய், "கர்த்தர் எனக்காக யுத்தம்பண்ணுவார், நான் சும்மாயிருக்கப் போகிறேன், எப்படியும் இயேசுவின் வருகை சமீபம்தானே அண்ணே" என்கிறாய். கூடவே, அந்த வருகைக்குக் கணக்குப் போட்டு நாள் சொல்கிற ஒரு வீடியோ. பொதுவில் பதில் எழுதலாம் என்று நீயே சொன்னதால்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே பேச்சை வேறு பலரும் பேசக் கேட்டிருக்கிறேன்.

நீ பிடித்திருப்பது யாத்திராகமம் 14:14. முன்னால் கடல், பின்னால் பார்வோனின் ரதங்கள், நடுவில் அலறுகிற ஜனங்கள். அவர்களிடம் மோசே சொன்ன வார்த்தை அது. சரி, பதினைந்தாம் வசனத்தைப் படித்தாயா? நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன, ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல் என்கிறார் ஆண்டவர். அதைச் சொல்லும்போது கடல் இன்னும் பிளக்கவே இல்லை. பதினாலோடு நிறுத்திவிட்டுத்தான் நாம் எல்லோரும் ஸ்டேட்டஸ் போடுகிறோம்.

உன் நோட்டீஸ் விஷயத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தவன் யூதாவின் ராஜா எசேக்கியா. கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவுக்குள் வந்து நகரம் நகரமாகப் பிடித்துக்கொண்டே வருகிறான். எசேக்கியா முதலில் காசு கொடுத்துப் பார்த்தான்: முந்நூறு தாலந்து வெள்ளி, முப்பது தாலந்து பொன், ஆலயக் கதவுகளில் இருந்த தகட்டைக்கூட உரித்துக் கொடுத்தான். அவனும் வாங்கிக்கொண்டு படையையும் அனுப்பினான். படையோடு வந்த அசீரிய அதிகாரி ரப்சாக்கே எருசலேம் மதிலுக்கு வெளியே நின்று, மேலே இருக்கிற சாதாரண ஜனங்களுக்கும் புரியட்டும் என்று யூத பாஷையிலேயே கத்துகிறான்: இரண்டாயிரம் குதிரை தருகிறேன், ஏறுவதற்கு உன்னிடம் ஆள் இருக்கிறதா? நக்கலும் மிரட்டலும் கலந்த பேச்சு. அதற்குப் பதில் பேசவேண்டாம் என்பது ராஜாவின் கட்டளை, ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம்தான் சனகெரிப்பின் மிரட்டல் கடிதம் வருகிறது. எசேக்கியா அதை வாங்கி, வாசித்து, ஆலயத்துக்கு எடுத்துப்போய், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைக்கிறான். நீ பைபிளுக்குள் மூடி வைத்தாயே, அவன் விரித்து வைத்தான், ஒவ்வொரு வரியும் தெரியும்படி.

ஆனால் அதே எசேக்கியா வேறு என்ன செய்திருந்தான் என்று 2 நாளாகமம் 32-ல் பார். ஊற்றுகளை அடைத்தான், இடிந்த மதிலைக் கட்டினான், கேடயங்கள் செய்வித்தான், கீகோன் ஊற்றின் தண்ணீரைப் பூமிக்கடியில் நகரத்துக்குள் திருப்பினான். அந்தச் சுரங்கம் எருசலேமில் இன்னும் இருக்கிறது, பாறையைக் குடைந்து ஏறக்குறைய 533 மீட்டர். 1880-ல் அதன் சுவரில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தவர்கள், நடுவில் மூன்று முழப் பாறை மிச்சம் இருக்கும்போது ஒருவரையொருவர் கூப்பிடுகிற சத்தத்தைக் கேட்டார்களாம். ஆலயத்தில் கடிதத்தை விரித்த விசுவாசமும், இருட்டில் உளி பிடித்த இந்த வேலையும் ஒரே ராஜாவின் காலத்துக் காரியங்கள்.

முடிவு உனக்குத் தெரியும். ஒரே ராத்திரியில் அசீரியப் படையில் 1,85,000 பேர் செத்தார்கள். சனகெரிப் தன் வெற்றிகளைக் களிமண்ணில் எழுதி வைத்தான், எசேக்கியாவைக் கூண்டுப் பறவை மாதிரி எருசலேமில் அடைத்ததாகப் பெருமை பேசுகிறான், எருசலேமைப் பிடித்ததாக மட்டும் எழுதவில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், பிரசங்கங்களில் இதை அதிகம் கேட்க முடிவதில்லை. அதே எழுத்தில், யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்தேன் என்றும் எழுதியிருக்கிறான். அவற்றில் ஒன்றான லாகீஸ் விழுந்த காட்சியை நினிவே அரண்மனைச் சுவரிலேயே செதுக்கி வைத்தான், ஜனங்கள் மூட்டை முடிச்சோடு சிறைப்பட்டுப் போவது வரைக்கும். அந்த ஊர்களிலும் ஜெபித்தவர்கள் இருந்திருப்பார்கள், இல்லையா? எபிரெயர் 11-ஐ நிதானமாகப் படி. விசுவாசத்தினாலே சிலர் பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள், மூன்று வசனம் தள்ளி, விசுவாசத்தினாலேயே வேறு சிலர் பட்டயத்தினால் வெட்டப்பட்டார்கள். இரண்டு கூட்டமும் ஒரே பட்டியலில் இருக்கிறது, விசுவாசம் குறைந்தவர்கள் என்று ஒருவரையும் தனியே பிரிக்கவில்லை. அதனால் "கேஸ் ஜெயிக்கும், கர்த்தர் சொன்னார்" என்று யாராவது உன் தலையில் கை வைத்துச் சொன்னால் அதை அப்படியே நம்பிவிடாதே. ஜெயம் கர்த்தருடையது என்றால், அது எந்த உருவத்தில் வரவேண்டும் என்பதும் அவருடையதுதான்.

இனி வருகை. அந்த வீடியோவை முழுவதும் பார்த்தேன். பின்னணி இசை பயங்கரம், கணக்கு சுமார். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்தார்கள், சிலர் அந்த வருஷ அறுப்பையே வயலில் விட்டுவிட்டார்கள். அந்த நாளும் போயிற்று, அடுத்த நாளும் விடிந்தது. இத்தனைக்கும் அந்த நாளைத் தூதரும் குமாரனும் அறியார் என்று மாற்கு 13-ல் இயேசுவே சொல்லியிருக்கிறார். குமாரனே அறியேன் என்றதை நம்முடைய யூடியூப் சகோதரர் ஒரு சார்ட்டில் கண்டுபிடித்துவிட்டார்!

விழித்திருங்கள் என்று இயேசு சொன்னபோது காட்டிய ஆட்களைப் பார். ஒருவன் வாசல் காக்கிறான், மற்ற ஊழியர்களுக்கு அவனவன் வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது. மத்தேயு 24-ல் இரண்டு பேர் வயலில், இரண்டு பெண்கள் எந்திரம் அரைத்துக்கொண்டு. ஒருவர் ஏற்றுக்கொள்ளப்படுவார், ஒருவர் கைவிடப்படுவார். ஏற்றுக்கொள்ளப்படுகிறவள் மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். தெசலோனிக்கேயருக்கு வருகையைப் பற்றி அவ்வளவு எழுதிய பவுல், இரண்டாம் நிருபத்தில் வேலை செய்யாமல் திரிகிறவர்களைக் கடிந்துகொள்கிறார், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று.

அப்போது எதிர்பார்ப்பு எதற்கு என்று கேட்பாய். தம்பி, உன் கேசில் கடைசித் தீர்ப்பு அந்தக் கோர்ட்டில் இல்லை. அதனால் தோற்றாலும் நீ அழிந்துபோக மாட்டாய், உன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பொய்கூடச் சொல்லத் தேவையில்லை. வருகிறவர் நியாயாதிபதி என்றால், எதிராளியின் கணக்கை மட்டுமல்ல, உன் கணக்கையும் பார்ப்பார்.

இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. உன் மெசேஜில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது: "அவருக்கு என் பக்கம் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அது வேற விஷயம்." அது வேற விஷயம் இல்லை. எதிராளியோடு வழியில் இருக்கும்போதே சீக்கிரமாய் நல்மனம் பொருந்து என்றவரும் நீ காத்திருக்கிற அதே ராஜாதான். உன் எதிராளி கேட்கிறதில் பாதி அநியாயமாக இருக்கலாம், அதை வக்கீல் எழுதிக் கொடுக்கட்டும். உண்மையாகக் கொடுக்கவேண்டியது எவ்வளவு என்று நீயே கணக்குப் பார்த்து, முடிந்தால் அவரை நேரில் பார்த்துச் சொல். கெடு முடிவதற்குள் நோட்டீசுக்குப் பதில் போகட்டும். வக்கீலிடம் போகும்போது பழைய கணக்கு நோட்டையும் எடுத்துப் போ, அவர் அதைத்தான் முதலில் கேட்பார். எந்த நாள் போகிறாய் என்று சொல், அன்று நானும் உபவாசம் இருக்கிறேன்.

அண்ணன்