தர்மபுரி நூலகத்தில் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த அக்காவுக்கு

அக்கா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. தர்மபுரி மாவட்ட மைய நூலகத்துக்குச் சாயங்காலம் வருவீர்கள் என்பது மட்டும்தான் தெரியும். அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தேர்ச்சி பெற்று, இளநிலை உதவியாளர் பணி ஆணை கைக்கு வந்துவிட்டது. அம்மா அப்பாவுக்கு அடுத்து உங்களிடம் சொல்லத்தான் மனசு தேடுகிறது.

தேர்வானவர்கள் பட்டியலில் என் எண் இல்லாதபோதெல்லாம் ஊரில் பேச்சு கிளம்பும். பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றும்போதுகூட, "இன்னும் எத்தனை வருஷம்மா படிப்ப? காலாகாலத்துல கல்யாணத்தைப் பண்ணிக்க" என்பார்கள். அப்பா பதில் பேசமாட்டார். அந்தச் சமயத்தில்தான் நீங்கள் என் நோட்டை வாங்கிப் புரட்டினீர்கள்.

"தமிழ்ல 100 கேள்வியும் உனக்கு நல்லா வருது. அந்த 25 கணக்குதான் உன்னை வெளியே நிறுத்துது" என்றீர்கள். மற்றவர்கள் விட்டுவிடச் சொன்னார்கள். மார்க் எங்கே போகிறது என்று காட்டியது நீங்கள் ஒருவர்தான்.

ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 6 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்து செய்தால்? பெருக்கினால் 72, கூட்டினால் 18, வகுத்தால் 4 நாள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டுக் காட்டினீர்கள். அப்புறம் தனிவட்டி, விகிதம், மீ.சி.ம. என்று ஒவ்வொன்றாக, நூலகம் மூடும்வரை.

உங்களுக்கும் வீடு, வேலை எல்லாம் இருந்திருக்கும். ஒரு டீகூட வாங்கித்தர விடவில்லை. இந்தப் பதிவு கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை எழுதுங்கள் அக்கா. உங்களைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். ரொம்ப நன்றி.