கடுகைக் கிள்ளினால் ஒன்றுதான் வருமா?

டர்பன் தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

போன மாதம் சாட்ஸ்வர்த்தில் பிள்ளைகளுக்காக நடந்த அறிவியல் கூட்டத்தில் பேச வந்தவர், செய்தியைப் பூட்ட குவாண்டம் முறையில் அனுப்பும் ரகசியச் சாவியை யாராலும் திருட முடியாது, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஒளித்துகள்தான் போகிறது என்று சொன்னார், நாமெல்லாம் கைதட்டினோம். நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது.

பாதி சரிதான். 1984இல் பென்னட், பிரசார்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் வகுத்த முறையில், ஒற்றைத் துகளை ஒட்டுக்கேட்பவன் அளந்தால் அது கெட்டுவிடும். எல்லாவற்றையும் அளந்து மறுபடி அனுப்பினால் சாவியில் நாலில் ஒரு பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) தப்பாகிவிடும், உடனே மாட்டிக்கொள்வான். ஆனால் ஒற்றைத் துகளை எப்படி அனுப்புவது? பெரும்பாலான கருவிகளில் இருப்பது மங்கவைத்த லேசர். அது மூன்று விரலால் கடுகு கிள்ளுவது மாதிரி. ஒரு ஒளித்துடிப்புக்குச் சராசரி 0.1 துகள் என்று வைத்தால், ஆயிரம் துடிப்பில் சுமார் 905 காலியாகப் போகும், 90 துடிப்புகள் தலா ஒரு துகளோடு போகும், மீதி ஐந்து துடிப்புகள் தலா இரண்டோ அதற்கு மேலோ கொண்டு போகும். இரண்டு வந்தால் திருடன் ஒன்றைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்துக்கொள்வான். இதைத்தான் அவர் விழுங்கிவிட்டார்.

மருந்தும் உண்டு. துடிப்புகளின் பலத்தை மாற்றி மாற்றிக் கலந்து அனுப்பினால், திருடனின் கைவரிசை கணக்கில் தெரிந்துவிடும். சீனாவின் ஜினான்-1 செயற்கைக்கோள் பெய்ஜிங்குக்கும் நம் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்பாஷுக்கும் நடுவே, 12,900 கிலோமீட்டர் தொலைவில், சாவி பகிர்ந்தது இந்த உத்தியில்தான். ஆனால் அந்தச் செயற்கைக்கோளையே நம்பியாக வேண்டும், அது வேறு கதை. உண்மையாகவே ஒன்றொன்றாக உமிழும் குவாண்டம் புள்ளிகள் என்ற நுண்ணிய ஒளிமூலங்களும் இருக்கின்றன. நல்லவற்றில் பலவற்றைப் பூச்சியத்துக்குக் கீழே 269 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும், ஆகவே கடையில் வாங்கி மாட்டுகிற சாமான் இல்லை.

2010 கால்பந்து உலகக் கோப்பையின்போது இதே ஊரில், மோசஸ் மபிடா அரங்கத்து இணைப்பொன்றில் குவாண்டம் குறியாக்கம் ஓடியது. அதைக்கூட யாரும் சொல்லவில்லை. வருத்தம்தான்.

அடுத்த கூட்டத்தில் வெறும் வியப்பு வேண்டாம், கேள்விக்கும் நேரம் விடுங்கள். 'விளக்கு எது, லேசரா, ஒற்றைத் துகளா?' என்று ஒரு பிள்ளையாவது கேட்கட்டும். போலராய்டு வெயில் கண்ணாடியைக் கைபேசித் திரைக்கு முன்னால் மெல்லத் திருப்பினால் சில கைபேசிகளில் திரை இருண்டுபோகும், ஒளி அதிரும் திசையைக் காட்ட அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். கண்ணாடிகளை நான் கொண்டு வருகிறேன். கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொன்னால் போதும், சனிக்கிழமை காலையிலேயே வந்து மேசை போட்டுவிடுவேன்.