சுப்பர் டீசலும் ஓட்டோ டீசலும் கலந்ததற்கு இவ்வளவு பதற்றமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை கிளிநொச்சியில் இருந்து திரும்பும்போது மச்சானின் ஜீப்புக்கு டீசல் அடிக்க ஏ9 வீதியில் ஒரு பெற்றோல் செற்றில் நிறுத்தினோம். தாங்கியில் பாதிக்குச் சுப்பர் டீசல் கிடந்தது. பம்படியில் நின்ற தம்பி, "அண்ணை, சுப்பர் முடிஞ்சுது, ஓட்டோ டீசல் அடிக்கட்டோ?" என்று கேட்டார். இருட்டுப்பட்ட நேரம், ஓம் என்றோம். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆளாளுக்கு மச்சானின் வயிற்றில் புளியைக் கரைக்கிறார்கள். தாங்கியைக் கழற்றிக் கழுவ வேண்டுமாம், எஞ்சின் இறுகிவிடுமாம்.

நான் 25 வருடமாக வாடகை வான் ஓட்டுகிறவன். இரண்டும் டீசல்தான், கலந்தால் பால் மாதிரித் திரையாது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் நாள்கணக்காக வரிசையில் கிடந்து, பிறகு பங்கீட்டுக்கான கியூஆர் குறியீட்டைக் காட்டி, கிடைத்ததை எல்லாம் அடித்து ஓடினோமே, அப்போது இந்தக் கலப்பால் யாருடைய எஞ்சினாவது இறுகியதா?

வித்தியாசம் முக்கியமாகக் கந்தகத்தில்தான். யூரோ 4 என்ற ஐரோப்பியத் தரத்தில் வரும் சுப்பர் டீசலில் பத்து இலட்சத்தில் 50 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது, ஓட்டோ டீசலில் அது அதிகம். கந்தகம் எரிந்து ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம், அதனால் எஞ்சின் ஒயில் கெதியாகக் கெடும். புகைக்குழாயில் கரி வடிகட்டி வைத்த புது வாகனங்களுக்கு அது இன்னும் பாதகம். யப்பானில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இல்லாத டீசலை நம்பிச் செய்த வாகனத்தை இங்கே கொண்டுவந்து எப்போதும் ஓட்டோ அடித்தால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஆனால் அவசரத்துக்கு ஒருமுறை அடித்தால் ஒன்றும் ஆகாது, அடுத்த முறை சுப்பர் அடித்தால் சரி. என்னுடைய பழைய டொல்பின் வானுக்குச் சுப்பர் தேவையே இல்லை. "பாதிக்குப் பாதி அடிச்சால் எஞ்சின் கிளீனாகும்" என்று சொல்லி அடிக்கிறவர்கள் சில நூறு ரூபாவைத் தாங்கிக்குள் கரைக்கிறார்கள், வேறொன்றுமில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. போன மாரியில் நல்லூரடியில் என் வான் இழுக்காமல் நின்றுவிட்டது. கராஜில் பில்டரின் அடித் திருகைத் தளர்த்திச் சோடாப் போத்தலில் பிடித்தார்கள். மேலே மஞ்சளாக டீசல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், நடுவில் சேறு மாதிரி ஒரு கறுப்பு வளையம். அந்த எல்லையில்தான் கிருமி வளர்ந்து பில்டரை அடைக்கும் என்றார் கராஜ் மெக்கானிக். அந்தத் தண்ணீர் எந்தச் செற்றில் ஏறியது என்று எனக்கும் தெரியாது, ஆதலால் யார் பெயரையும் சொல்லவில்லை. மிகுந்த அழுத்தத்தில் டீசலைப் பாய்ச்சும் புதுரகக் கொமன் ரெயில் எஞ்சினாக இருந்திருந்தால், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கே காசு கட்டியிருப்பேன்.

அப்புறம் மண்ணெண்ணெய். டீசலைவிட விலை குறைவு என்றபடியால் கலக்க ஆசை வரத்தான் செய்யும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஸ்டார்ட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோல் விட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின ஊர் நாங்கள், அந்தத் துணிவு இன்னும் போகவில்லை. ஆனால் அது பெற்றோல் எஞ்சின், அதுவும் வேறு வழியில்லாமல் செய்தது. டீசல் எஞ்சினின் பம்புக்கு டீசலேதான் வழுவழுப்பு, மண்ணெண்ணெய்க்கு அது போதாது, பம்ப் உள்ளே தேய்ந்துகொண்டே போகும், வெளியில் தெரியும்போது காரியம் முடிந்திருக்கும்.

செற் நடத்துகிறவர்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். சுப்பர் இல்லாவிட்டால் வாசலிலேயே தமிழில் எழுதிப் போடுங்கள், பம்படிக்கு வந்த பிறகு சொல்லாதீர்கள். கடும் மழைக்குப் பிறகு, நிலத்தடித் தாங்கிக்குள் தண்ணீர் பார்க்கும் பசையைக் கோலில் பூசி விட்டுப் பார்த்துவிட்டுப் பம்பைத் திறவுங்கள், தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறிவிடும், ஐந்து நிமிட வேலை. நான் ஒருமுறை கேட்டபோது சிரித்தார்கள். அந்தச் சோடாப் போத்தல் இன்னும் என் வானின் டாஷ்போர்ட்டில்தான் கிடக்கிறது, அடுத்த முறை கேட்கும்போது அதையும் கையில் கொண்டுபோவேன்.

வான் சாரதி ஒருவர்,
கோண்டாவில்.