100 பேர் என்றால் 60

ஆசிரியருக்கு வணக்கம்.

கலிபோர்னியாவில் 11-ஆம் வகுப்பு படிக்கும் என் மகள், சென்ற வாரம் சாப்பாட்டு மேசையில் ஒரு கணக்குப் போட்டாள். 100 அடிமைகள் என்றால் மக்கள்தொகைக் கணக்கில் 60 பேர். 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்தில் இருந்த ஏற்பாடு. "அவங்களுக்கு ஓட்டு உண்டா அப்பா?" என்றாள். கிடையாது, எஜமானர்களின் மாநிலத்துக்குத்தான் காங்கிரசில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், கூடுதல் இடம். சரி, மறைக்காமல் சொல்லிக் கொடுக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இந்தியர் 'வெள்ளையர்' அல்லர், குடியுரிமை கிடையாது என்று குடியுரிமை கேட்ட பகத்சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில் 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது அவள் பாடப்புத்தகத்தில் இல்லை. வகுப்பில் பாதிப் பேர் இந்தியப் பிள்ளைகள்! 1946-இல்தான் சட்டம் மாறியது.

அரசாங்கம் பற்றிய பாடம் அடுத்த வருடம். அதுவும் அரை வருடம்தான், மீதி பொருளாதாரம். 18 வயதானதும் ஓட்டுப் போடப் போகிறவர்களை ஒரு நகர சபைக் கூட்டத்துக்காவது கூட்டிப் போகலாம். எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு ஒருமுறை போனேன். மேடையில் உறுப்பினர்கள், எதிரே வரிசையாகக் காலி நாற்காலிகள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கலிபோர்னியா