எங்கள் ஒழுங்கைக் கிணற்றைக் காத்தவர்களுக்கு

போன ஆவணியில் மலசலகூடக் குழி வெட்டும்போது, 2 அடி செம்மண்ணுக்குக் கீழே கறுத்த பற்றரி ஈயத் தட்டுகள் கிளம்பின. எப்போதோ யாரோ உடைத்துப் புதைத்தவை. 40 அடி தள்ளித்தான் எங்கள் ஒழுங்கையின் (சிறு தெருவின்) பொதுக் கிணறு.

அள்ளிக்கொண்டுபோய்த் தரவை வெளியில் கொட்டிவிடுவோம் என்று ட்ரக்டருக்கும் சொல்லியாகிவிட்டது. அப்போது மறித்தவர் மண் பரிசோதிக்க வந்த தங்கச்சி. “பொறுங்கோ அண்ணை, அங்கையும் ஆரோ தண்ணி அள்ளுகினம்.” முதல் நன்றி அந்தச் சொல்லுக்கு. வருசம் முழுக்க ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாடு இது; சுண்ணக்கல் வெடிப்புகளால் ஒரு வளவின் நஞ்சு அடுத்த வளவுக்குப் போகும். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த எங்களுக்கே அது மறந்துபோயிருந்தது.

ஈயத்தை அழிக்க முடியாது, இருந்த இடத்திலேயே கட்டிப்போடலாம் என்றார். பொஸ்பேற் உரம் கலந்தால் ஈயம் தண்ணீரில் கரைய மாட்டாத கனிமமாக மாறுமாம். அதோடு சீமெந்தும் கலக்கவேண்டுமாம். நாங்கள் சீமெந்தை அள்ளிப் போடத்தான் நின்றோம். சீமெந்தின் காரத்தன்மை மிஞ்சினால் ஈயம் திரும்பக் கரையும் என்று தடுத்து, எட்டு யோகட் கப்பில் மண்ணோடு எட்டு அளவாகக் கலந்து எங்கள் விறாந்தையில் அடுக்கினார். 28 நாள் அம்மா கோழி அண்டவிடாமல் காவல் இருந்தா. இறுகியதை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சோதித்த பிறகுதான் அளவு முடிவானது.

மாரியில் நிலத்தடி நீர் ஏறும் முன்னே வேலை முடியவேண்டும். லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) கொண்டுவந்த தம்பி டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. முகமூடியும் கையுறையும் போட்டு, தூசி எழும்பாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே நின்ற பெடியளுக்கும் நன்றி. மாசி வரை தன் கிணற்றுப் படலையைப் பூட்டாமல் எங்களுக்காகத் திறந்துவிட்ட பக்கத்து ஒழுங்கை மாமிக்கு என்ன சொல்லி முடிப்பது!

மார்கழியிலும் மாசியிலும் எடுத்த தண்ணீரில் ஈயம், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழேதான். அந்த மூலையை இனி யாரும் வெட்டாதபடி காணி வரைபடத்தில் குறித்துவிட்டோம்.

தங்கச்சி, பங்குனியில் திரும்பத் தண்ணீர் எடுக்க வருவதாகச் சொன்னீர்கள். மத்தியானம் வாருங்கள், அம்மா ஒடியற்கூழ் காய்ச்சி வைப்பா.