மக்களே, ஆல்ட்டோவில் போய் நில்லு

களியக்காவிளை

அன்பு மகளுக்கு,

ஸ்தோத்திரம். கார்டிஃபில் உன்னோடு டியூட்டி பார்க்கிற ஒரு வேல்ஸ்கார அம்மா தங்கள் பாட்டுக் குழுவுக்கு, அதான் கொயருக்கு, உன்னைக் கூப்பிட்டார்களாம், நீ "எனக்குக் குரலும் இல்லை, உங்கள் வெல்ஷ் பாஷையும் தெரியாது" என்று சொல்லிவிட்டாயாம். ஃபோனில் பேசினால் குறுக்கே விழுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

குரல் எனக்கு மட்டும் இருந்ததா? முப்பது வருஷம் நம் கொயரில் ஆல்ட்டோவில், பெண்களின் தாழ்ந்த குரல் வரிசையில், நின்றேன். ஆல்ட்டோவைத் தனியாகப் பாடினால் பாட்டு மாதிரியே இருக்காது, பாதி வரி ஒரே சுரத்தில் நிற்கும். அடுப்படியில் நான் பாடிப் பார்க்கும்போது அப்பா, "ஜெபம் பண்ணுகிறாயா, பாடுகிறாயா?" என்று கேலி செய்வார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆல்ட்டோவில் இரண்டு பேர் வரவில்லையென்றால் பெண்களின் உச்சக் குரலான சொப்ரானோ மேலேயும் ஆண்களின் அடிக்குரலான பேஸ் கீழேயுமாகப் பாட்டு தொங்கும்.

பாஷை விஷயத்துக்கு வருகிறேன். பரணில் பாட்டாவின் பழைய நோட்டு கிடக்கிறது, சின்னதில் நீ படம் வரைந்து கெடுத்தாயே, அதுதான். டோ, ரே, மியை ஓரெழுத்தாகச் சுருக்கி, நடுவில் புள்ளிகள் வைத்து எழுதியிருக்கும். அது டோனிக் சோல்ஃபா. ஐந்து கோட்டு நோட்டேஷன் படிக்காத சாதாரண ஜனங்களும் நாலு பார்ட்டில் பாடட்டும் என்று ஜான் கர்வன் என்ற பாதிரியார் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரப்பிய முறை. நீ இருக்கிற அதே வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள்கூட இதைக் கற்றுத்தான் பெரிய பெரிய கொயர்களில் பாடினார்கள். பாட்டா உனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே டோ ரே மிதான்.

இங்கே நமக்கு மட்டும் ஒரே பாஷையா? 1956 நவம்பர் 1 அன்று நம் விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது, பக்கத்து நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கல்யாணமும் அடக்கமும் கோடு பார்த்தா நடக்கின்றன? நெய்யாற்றின்கரைப் பக்கத்து மோசவத்சலம் சாஸ்திரியார் மலையாளத்தில் எழுதிய கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் நம் தமிழ்க் கீர்த்தனைகள் போல ராகம் தாளத்தோடு வந்தவைதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் சித்தப்பா அடக்கத்தில் ஒரே மெட்டைப் பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் மலையாளத்திலும் பாடினோம். யாருக்கும் உறுத்தவில்லை.

நம் பேஸில் நிற்கிற அண்ணன் தம்பியைத் தெரியுமல்லவா? ரப்பர் தோட்டத்து எல்லைத் தகராறில் ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. பாட்டுப் புத்தகம் இரண்டு பேருக்கு ஒன்றுதான். அண்ணன் பிடிப்பார், தம்பி பக்கம் புரட்டுவார். சமாதானமாகிவிட்டார்களா என்று கேட்காதே, கேஸ் இன்னும் நடக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை பிராக்டிஸுக்கு இரண்டு பேரும் வந்துவிடுகிறார்கள்.

அப்பா அடக்கத்தன்று முற்றத்தில் கொயர் பாடியபோது நானும் எழுந்து நின்றேன். இரண்டாவது சரணத்தில் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் என் வரியையும் சேர்த்து இழுத்துப் பாடினார்கள். நீளமான வரியில் எல்லோரும் ஒன்றாக மூச்செடுக்கக்கூடாது என்று மாஸ்டர் அடிக்கடி திட்டுவாரே, ஒருவர் மூச்செடுக்கும்போது அடுத்தவர் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று. அன்றைக்குத்தான் அது எனக்குப் புரிந்தது.

நீ அங்கே தனி அறையில் ராத்திரி டியூட்டி முடிந்து வந்து படுக்கிறாய். சரி, செவ்வாய்க்கிழமைதானே அவர்களுக்குப் பிராக்டிஸ்? அன்றைக்கு டியூட்டியை யாரிடமாவது மாற்றிக்கொள். போன பார்சலில் வைத்த சுக்குப்பொடியைத் திறந்தாயா இல்லையா? தொண்டைக்கு நல்லது.

உன் அம்மா